முள் நிற்கிற இடம்

“நிக்குதா, இறங்குதா?”

கேட்டவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து வைத்திருக்கிறார். வயதான அந்தக் கார், பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவதுபோல மேட்டில் ஏறுகிறது. டாஷ்போர்டின் நடுவில், கோட்டுப் பொத்தானைவிடச் சற்றே பெரிய ஒரு மீட்டர் ஒட்டியிருக்கிறது. அதற்குள் இருக்கும் முள்ளைப் பார்த்துச் சொல்வதுதான் இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் என் வேலை. முள் ஏறியது. நின்றது. பிறகு லேசாக நடுங்கியது.

“நடுங்குது” என்றேன்.

“நடுங்குதுன்னு ஒரு பதிலே கிடையாது சார். நிக்குதா, இறங்குதா?”

“நின்னுக்கிட்டே நடுங்குது.”

அவர் காலை எடுத்தார். பானெட்டுக்குள் எங்கோ ‘ப்ஷ்ஷ்’ என்று ஒரு பெருமூச்சு. அதைக் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். “கேட்டீங்களா? மூச்சு விடுது. நல்ல புள்ள” என்று ஸ்டீரிங்கைத் தட்டிக்கொடுத்தார். முள்ளை நீங்களே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். “ஓட்டறவன் முள்ளப் பாத்தா ரோட்ட யாரு சார் பாக்கறது?” என்றார். நியாயம்தான். 

இவர் மெக்கானிக் இல்லை. எங்கள் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். கடை, ஓர் ஆள் உள்ளே போனால் இன்னோர் ஆள் வெளியே வந்து வழிவிட வேண்டிய அளவு. முன்னால் சுவர் முழுக்க ஃப்ரேம்கள், நடுவில் கண் சோதிக்கும் இருட்டறை, அதற்குப் பின்னால் லென்ஸை வட்டமாக அறுக்கும் இயந்திரம். ஃப்ரேமின் திருகாணி கொசுவின் தலை அளவுதான் இருக்கும். தினமும் ஒன்று கீழே விழும். விழுந்தால் “யாரும் கால எடுக்காதீங்க!” என்று ஒரு சத்தம் வரும். கடையில் இருப்பவர்கள் எல்லாரும் போட்டோவுக்கு நிற்பதுபோல அப்படியே நிற்க வேண்டும். அவர் நூலில் கட்டிய காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு எங்கள் கால்களுக்கு நடுவில் தவழ்ந்து வருவார். எவ்வளவு பெரிய மனிதர் வந்திருந்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

அவருடைய சொந்தக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் கடையில் இருக்கும்போது பட்டையான கறுப்பு ஃப்ரேம் ஒன்றில் வெறும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். “கண்ணாடி போடாத கண்ணாடிக்காரன யாரு சார் நம்புவா? வழுக்கைத் தலையன்கிட்ட சீப்பு வாங்குவீங்களா?” என்பார். கடையை மூடியதும் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். கண்ணில் படும் கண்ணாடி எதுவானாலும் துடைத்துவிட வேண்டும் அவருக்கு. ஓட்டலில் தண்ணீர் குடிக்கும் கிளாஸைத் துடைப்பார். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கையை நீட்டித் துடைத்துவிட்டு, அந்த ஓட்டுநர் முறைத்தால் “பரவால்ல, வெச்சுக்கங்க” என்று சிரிப்பார்.

இருட்டறையில் அவருடைய பொறுமை ஒரு தனி விஷயம். கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா... இல்ல, இது தெளிவா?” என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் கேட்டுக்கொண்டே இருப்பார். தெரியவில்லையே என்று தடுமாறுகிறவர்களிடம் “தப்பான பதில்னு எதுவுமே இல்லங்க, தோணறதச் சொல்லுங்க” என்பார். அதே ஆள்தான் காரில் உட்கார்ந்ததும் ‘நடுங்குதுன்னு பதிலே கிடையாது’ என்கிறார். சொல்லிக் காட்டினால் அசடு வழிவார்.

அந்தக் கார் அவர் கைக்கு வரும்போதே அதன் வயது பாதி முடிந்திருந்தது. எந்தக் காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கதவைத் திறந்து உள்விளிம்பைப் பார்த்தால் சிவப்பு என்று ஊகிக்கலாம். ஆனால் உள்ளே ஒரு டர்போ இருக்கிறது. டர்போ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்பது தெரிந்ததும் மனிதருக்குச் சர்க்கரை தின்ற மாதிரி ஆகிவிட்டது. கடைக்கு வந்த இருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு விளக்கினார்.

“இன்ஜின்லேர்ந்து புகை வெளிய போகுதில்ல, அது சும்மா போகாம ஒரு விசிறியச் சுத்திவிட்டுட்டுப் போகும். அந்த விசிறி இன்னொரு விசிறியச் சுத்தும். அது வெளிக்காத்தப் புடிச்சு இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்து சேர்ந்தா பலம் சேரும். அவ்ளோதான் டர்போ. இப்ப நீங்க திடீர்னு கால எடுக்கறீங்க. இன்ஜின் கதவச் சாத்திக்குது. திணிச்ச காத்து எங்க சார் போகும்? திரும்பி வந்து விசிறி மேலயே மோதும். அப்படி மோத விடாம, பக்கத்து வழியாத் திறந்துவிடத்தான் இந்த பைபாஸ் வால்வு.”

உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரக் குப்பி அது. உள்ளே ஒரு ஸ்பிரிங். அதுதான் வழியை மூடிப் பிடித்திருக்கிறது. கம்பெனி வைத்த அளவுக்குக் காற்றைத் திணித்தால் ஸ்பிரிங் ஒழுங்காக வேலை செய்யும். கண்ணாடிக்காரருக்கு அந்த அளவு போதவில்லை. டர்போவின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். கூட்டியதும் ஸ்பிரிங் தாக்குப்பிடிக்காமல், காலை எடுப்பதற்கு முன்பே திறந்துகொண்டது. காற்று கசிந்தது. அழுத்தத்தைக் காட்டும் மீட்டரில் ஏறிய முள் இறங்கிவிட்டது. மேட்டில் பாதி ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது.

இதற்குப் புது வால்வு வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறொரு வழியும் இருக்கிறது. அந்தக் குப்பியைக் கழற்றி, வைஸில், அதாவது கைப்பிடியைத் திருகினால் இறுகும் இரும்பு இடுக்கியில் வைத்து, தலைப்பக்கத்தை நசுக்குவது. தகரம் உள்வாங்கினால் ஸ்பிரிங் இன்னும் இறுகும். இன்னும் அதிகக் காற்றைத் தாங்கும். போதாமல் நசுக்கினால் கசிவு நிற்காது. அதிகமாக நசுக்கினால், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. “நடுவுல ஒரு இடம் இருக்கு சார். அது எதுன்னு வால்வுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்” என்பார். அதாவது கண் சோதிக்கிற அதே முறை. ஒரு மயிரிழை நசுக்குவது, மாட்டுவது, அதே மேட்டில் ஓட்டுவது, பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. லென்ஸ் சரியில்லை என்றால் முந்தைய லென்ஸைத் திரும்பப் போடலாம். நசுங்கிய தகரம் நிமிராது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் காரணம் சகலைதான். அவர் மனைவியின் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் ஊருக்கு வெளியே மலைமேல் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு அங்கே மதியச் சாப்பாடு. வீட்டுக்கு முந்தைய ஏற்றம் செங்குத்தானது. போன தடவை அந்த ஏற்றத்தில் கார் நின்றேவிட்டது. கண்ணாடிக்காரரின் மனைவி இறங்கி, சாப்பாட்டுக்குக் கொண்டுபோன பாத்திரங்களோடு வெயிலில் நடந்து ஏறினார். சகலை மாடி பால்கனியில் நின்று கை தட்டினார். சாப்பிடும்போது, “சகல, இந்தத் தகர டப்பாவ எத்தன நாளைக்குக் கட்டி அழுவீங்க? எங்க பக்கத்து வீட்டுக்காரர் பழைய வண்டியா தேடிக்கிட்டு இருக்கார். அவர் தலைல கட்டிடலாம்” என்றார். 

கார் மனைவி பெயரில் இருக்கிறது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போய்விடும். அன்றைக்கு அந்த அம்மாள் களைத்துப்போயிருந்தார். “இன்னொரு தடவ என்ன நடக்க வெச்சுதுன்னா குடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேசையில், அக்கா முன்னால், அக்கா வீட்டுக்காரர் முன்னால் சொன்ன வார்த்தை.  அடுத்த சாப்பாட்டு ஞாயிறு வருவதற்குள் முள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி கிடையாது.

அப்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தவர் அந்த அம்மாள்தான். ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் இந்தக் கோடியிலிருந்து விசில் ஊதுகிற ஆள். கழுத்தில் விசிலோடுதான் காரிலும் ஏறுவார். முள் ‘நிக்குது’ என்பார்; சில சமயம் ‘இறங்குது’ என்பார். இறங்குது என்று வந்தால் கண்ணாடிக்காரர் வீட்டுக்குத் திரும்பி வால்வைக் கழற்றுவார், கடையின் பின்னறையில் வைஸில் வைப்பார், இன்னும் ஒரு மயிரிழை. இப்படியே மூன்று நான்கு சனிக்கிழமைகள் போயின.

ஒரு சனிக்கிழமை, மேட்டின் உச்சியில் அவர் காலை எடுத்ததும் ‘ப்ஷ்ஷ்’ வரவில்லை. ‘படபடபட’ என்று, அட்டைப்பெட்டிக்குள் புறா அடைபட்ட மாதிரி ஒரு சத்தம். வால்வு திறக்கவில்லை, காற்று திரும்பி வந்து விசிறிமேல் மோதுகிறது. சில நாள் இப்படி ஓட்டினால் டர்போவே கெட்டுப்போகும். அவர் வண்டியை ஓரங்கட்டினார். 

“நீ கடைசியா என்ன சொன்ன?”

“இறங்குதுன்னேன்.”

இவ்வளவு இறுகிய வால்வில் முள் இறங்க வழியே இல்லை. கண் சோதிக்கிறவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. எதிரே இருப்பவர் உண்மையாகப் பார்த்துச் சொல்கிறாரா, குத்துமதிப்பாகச் சொல்கிறாரா என்று சந்தேகம் வந்தால், லென்ஸை மாற்றுவதுபோலப் பாவனை செய்துவிட்டு அதே லென்ஸைத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள். கண்ணாடிக்காரர் எதையும் மாற்றாமல் அதே மேட்டில் இரண்டு தடவை ஏறினார். ஒரு தடவை ‘நிக்குது’ என்று வந்தது. ஒரு தடவை ‘இறங்குது’ என்று வந்தது. பிறகு மர நிழலில் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு, முள் அடியில் படுத்துக்கொண்ட பிறகு நிதானமாகக் கேட்டார்.

“இப்ப?”

“இப்ப நல்லா நிக்குதுங்க” என்றார் அந்த அம்மாள்.

எனக்கு இந்தக் கதையை இரண்டு பேருமே தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இடம் வந்ததும் இரண்டு பேருமே கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தூரத்தில் இருக்கும் பருந்தைக்கூடப் பார்த்துவிடும் அந்தக் கண்ணுக்கு, கை எட்டும் தூரத்தில் இருந்த முள் தெரியவில்லை. எழுத்து தெரிய வேண்டுமென்றால் போனைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். காரில் மீட்டரைத் தள்ளிவைத்துப் பார்க்க முடியுமா? “எப்பவும் நிக்குது நிக்குதுன்னு சொன்னா சந்தேகம் வந்துடும்னு நடுநடுவுல இறங்குதுன்னு சேத்துக்கிட்டேன் அண்ணா. அது இப்படி வால்வ நசுக்கிப்போடும்னு எனக்கென்ன தெரியும்?” என்றார் என்னிடம்.

மறைத்ததற்குக் காரணம் அவருடைய அக்கா. அக்கா மூத்தவர், இன்னும் கண்ணாடி போடவில்லை. “அவளே போடல. அதுக்குள்ள எனக்கா? மூஞ்சியில சோடாபுட்டிய மாட்டிக்கிட்டு அவ முன்னாடி போய் நின்னா, சாகற வரைக்கும் சொல்லிக்காட்டுவா.” அக்கா தங்கை விவகாரத்தில் வெளியாள் தலையிடக் கூடாது என்பது என் கொள்கை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கண்ணாடிக்காரர் அந்தச் சனிக்கிழமை சிரித்து முடித்த பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டார். திங்கட்கிழமை மனைவியைக் கடைக்கு அழைத்துவந்து இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் அதில் உட்கார்ந்ததே இல்லையாம். சோதனை முடிந்து அவர் பள்ளிக்குப் போன பிறகு நான் கடைக்குப் போனேன். இவர் போலிக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“நெளிஞ்ச ஃப்ரேமோட ஒருத்தர் தெருவுல போனா இங்கேர்ந்தே கண்டுபுடிச்சுடுவேன் சார். இவ என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு போனக் கைய நீட்டிப் புடிச்சுப் பாக்கறா. ரெண்டு வருஷமாப் பாக்கறா. எனக்குத் தோணவே இல்ல பாருங்க.” கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார். “வால்வு போனது போகட்டும். அது வேற கிடைக்கும்” என்றார். 

கடையிலேயே நல்ல ஃப்ரேமாக, மெல்லிய தங்க நிறத்தில் ஒன்றை எடுத்து அவரே அறுத்து, அவரே பொருத்திக் கொடுத்தார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார், கைப்பைக்குள் வைத்தார், வைத்ததோடு சரி. இவரும் போடச் சொல்லி வற்புறுத்தவில்லை. “கண்ணாடிய நாமதான் குடுக்கலாம். போடறது அவங்க இஷ்டம்” என்றார். பழைய வண்டிகளை உடைத்து உதிரியாக விற்கும் இடத்தில் தேடி, அதே மாதிரி இன்னொரு வால்வைக் கண்டுபிடித்து வந்தார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது; இனி தப்பாக ஒரு மயிரிழைகூட நசுக்க முடியாது.

அப்போதுதான் என்னிடம் வந்தார். நான் அவருடைய கடையில் ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கேட்டு அவர் உயிரை வாங்கியவன். இடது பக்கம் மங்கல் என்பேன். சரிசெய்தால் வலது பக்கம் கனக்கிறது என்பேன். இதற்காக என்மேல் அவருக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். “உங்க வாயிலேர்ந்து ‘நல்லா இருக்கு’ன்னு ஒரு வார்த்த நான் கேட்டதே இல்ல சார். அந்த வாய்தான் எனக்கு வேணும்” என்றார். குணத்தைப் பாராட்டி எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. ஒப்புக்கொண்டேன்.

ஆக, ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சனிக்கிழமை காலைக்கு வருகிறேன். ‘நின்னுக்கிட்டே நடுங்குது’ என்ற என் பதிலை அவர் நெடுநேரம் யோசித்தார். கடைக்குத் திரும்பினோம். வால்வைத் துணியில் சுற்றி வைஸில் வைத்து, கைப்பிடியை இரண்டு விரலால் மட்டும் பிடித்தார். திருகினார் என்று சொல்ல முடியாது. தொட்டார் என்று சொல்லலாம். மறுபடி மாட்டி, மறுபடி மேட்டில் ஏறினோம். முள் ஏறியது. நின்றது. நடுக்கம் இல்லை. குறை ஏதாவது கிடைக்குமா என்று நானும் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. காலை எடுத்ததும் ‘ப்ஷ்ஷ்’ என்று வந்தது.

கடை வாசலில் இறங்கும்போது அந்த அம்மாள் வீட்டிலிருந்து வந்து நின்றிருந்தார். “என் சீட்டப் புடிச்சிட்டீங்களே அண்ணா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “இப்பல்லாம் சனிக்கிழமை என்னைக் கூப்பிடறதே இல்ல இவரு. வீட்டுல உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். நாளைக்கு நீங்களும் வாங்க மலைக்கு. முள்ளப் பாக்க ஆள் வேணுமே.” கண்ணாடிக்காரர் குனிந்து, ஏற்கனவே பளபளவென்றிருந்த ஹெட்லைட்டைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்னால், அந்த அம்மாள் பின்னால். மடியில் அக்காவுக்காக ஒரு பூந்தொட்டி. பாரம் இருந்தால்தான் சோதனை என்று கண்ணாடிக்காரர் பின்பக்கத்தில் ஃப்ரேம் பெட்டிகளையும் ஏற்றியிருந்தார். மலைப்பாதை முழுக்க மூன்று பேரும் உலக விஷயங்களைப் பேசினோம். மலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. கடைசி ஏற்றம் கண்ணில் பட்டது. கண்ணாடிக்காரர் ஆக்சிலேட்டரை மிதித்தார். முள் ஏறியது. பின்னாலிருந்து அந்த அம்மாள் பூந்தொட்டியோடு இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, மீட்டரையே பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்திருக்கும்! 

“நிக்குது” என்றேன். பாதி ஏற்றத்திலும் “நிக்குது” என்றேன். போன தடவை வண்டி படுத்துக்கொண்ட இடத்தைத் தாண்டும்போது என்னையும் அறியாமல், “நல்லா இருக்குய்யா!” என்று கத்திவிட்டேன்.

சகலை பால்கனியில் நின்றிருந்தார். கை தட்டவில்லை. நாங்கள் வாசலில் போய் நின்றபோது அவர் மாடிப்படி இறங்கி வந்தார். கூடவே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். பெரிய உருவம், சின்னக் கண், வாய் நிறையச் சிரிப்பு. வந்த வேகத்தில் பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார், டயரை உதைத்தார், நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

“அந்த ஏத்தத்துல என் புது வண்டியே முக்கும். இது சும்மா வழுக்கிக்கிட்டு வந்துச்சே! இப்பவே எடுத்துக்கறேன். என்ன சொல்றீங்க?”

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வண்டி நின்றால் போய்விடும் என்று பயந்து பயந்து வால்வை நசுக்கிய மனிதருக்கு, வண்டி ஏறியதாலேயே அது போகப்போகிறது. கண்ணாடிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. சகலைக்கோ கொண்டாட்டம். “நல்ல நெலமையில இருக்கும்போதே தள்ளிவிட்டுடணும் சகல. நாளைக்கே மறுபடி படுத்துக்கும். இந்த மாதிரி ஆள் அப்புறம் கிடைக்கமாட்டாரு” என்றார். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. கடன் கேட்டாலும் கண்ணாடி கேட்டாலும் கொடுத்துவிடுகிற ஆள். கைகளைப் பிசைந்தார். கடைசியில், “வண்டி அவங்க பேர்ல இருக்குங்க. அவங்களக் கேளுங்க” என்றார். சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

எல்லாரும் அந்த அம்மாளைப் பார்த்தோம். அக்காவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்துவிட்டார். “சரின்னு சொல்லுடி. இனிமேலாவது நடக்காம வந்து சேரலாம்” என்றார். நானும் போய் வண்டியை ஒட்டி நின்றுகொண்டேன். இத்தனைக்கும் அது என் வண்டிகூட இல்லை.

அந்த அம்மாள் பூந்தொட்டியை அக்காவின் கையில் கொடுத்தார். கைப்பையைத் திறந்தார். தேடித் தேடி, அடியிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அக்காவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, தங்க நிறக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்னடி இது? எப்பலேர்ந்து?” என்றார் அக்கா.

 நான் உட்கார்ந்து வந்த முன் இருக்கையில் அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்து, மீட்டருக்கு முன்னால் குனிந்தார். “ஐய, இதுல எழுத்தெல்லாம்கூட இருக்கா!” என்றார். பிறகு தலையைத் திருப்பி, மைதானத்தில் பேசுகிற குரலில் அந்தப் பெரிய உருவத்திடம் சொன்னார்: “மன்னிச்சுக்கங்க. நான் இன்னும் இந்த முள்ளச் சரியாப் பாக்கவே இல்ல. பாக்காம எப்படிக் குடுக்கறது? என்னங்க, வாங்க, ஒரு தடவ கீழ போய்ட்டு ஏறி வரலாம். சாப்பாடு ஆறினாப் பரவால்ல.”

கண்ணாடிக்காரர் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு, திறந்திருந்த கதவுப் பக்கம் வந்து, அத்தனை பேர் பார்க்க மனைவியின் முன்னால் மண்டியிட்டார். முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். கண்ணாடி இடது பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. இரண்டு கைகளாலும் அதை மெல்லக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, கம்பியை ஒரு மயிரிழை வளைத்து, மறுபடி அவர் காதுக்குப் பின்னால் பொருத்திவிட்டார்.